இரண்டாம் அடுப்பின் எடை

ரொட்டித் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். எடை பார்ப்பதும் தரம் சோதிப்பதும் அவள் வேலை. இரண்டாம் அடுப்பில் நிற்பவள் அவளுடைய நாத்தனார். புருஷன் கைவிட்டுப் போன பிறகு பிள்ளையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். அந்த அடுப்பை நம்பித்தான் தலை நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தாள். அதற்குத்தான் இப்போது ஆபத்து.

கடைகளிலிருந்து புகார். உறையில் நானூறு கிராம் என்று போட்டுவிட்டுக் குறைத்துத் தருகிறார்களாம். முதலாளி காலையிலேயே வந்து கடுகடுவென்று நின்றார்.

“ரெண்டாவது பழைய அடுப்பு. கோளாறு அதுலதான் இருக்கும். ரெண்டுலயும் இருபது இருபது எடுத்து எடை போட்டுப் பாருங்க. நிஜமாவே குறைஞ்சா நாளைக்கே மூடிடறேன்.”

முதல் அடுப்பு மீசைக்காரர் சும்மா இருப்பாரா? “ரெண்டாம் அடுப்பு ரொட்டிய இறுக்கிப் புடிங்க, காத்துல பறந்துடப் போகுது.”

“உங்க மீசைய விடவா?” என்றாள் நாத்தனார். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

தராசு எடை போட்டாள். முதல் அடுப்பின் சராசரி நானூற்றிரண்டு. இரண்டாவதற்கு முந்நூற்றுத் தொண்ணூற்றேழு.

ஐந்து கிராம்தானே, தற்செயலாக வந்திருக்கக் கூடாதா என்று நீங்களும் கேட்பீர்கள், கண்ணுகளா. அதைச் சொல்லத்தான் டி-சோதனை. ஒரே அடுப்பின் ரொட்டிகளே ஒன்றுக்கொன்று கூடியும் குறைந்தும் இருக்கும். அந்தச் சிதறலை வைத்து, இருபது இருபதாக எடுத்தால் இரண்டு சராசரிகள் சும்மாவே எவ்வளவு விலகும் என்று கணக்குப் போடலாம். நம் கையில் இருக்கும் விலகல் அதைப்போல எத்தனை மடங்கு? அதுதான் டி. இரண்டுக்குள் நின்றால் தற்செயலாக இருக்கலாம் என்று விடலாம். நன்றாகத் தாண்டிவிட்டால் விட முடியாது.

கணினித் திரையில் கிட்டத்தட்ட நாலு என்று வந்தது.

“என்ன அண்ணி வருது?” நாத்தனார் மாவுக் கையோடு கதவில் நின்றாள். தராசு திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

“என் அடுப்புல ரொம்பக் குறைஞ்சு வந்த அந்த ரெண்டு நோஞ்சான் ரொட்டியையும் எடுத்துப் போட்டுட்டுக் கணக்குப் போட்டா என்ன?”

“எடுக்க மாட்டேன்மா. எடுத்தா அது கணக்கு இல்ல.”

“சரி. ராத்திரி உங்க மருமகனுக்கு நீங்களே சொல்லுங்க, அம்மாவுக்கு வேலை இல்லன்னு.” தன் பிள்ளையை அப்படி ஒரு உறவு சொல்லி அழைத்ததே இல்லை அவள்.

முதலாளி எட்டிப் பார்த்தார். “என்ன ஆச்சு?”

“வித்தியாசம் இருக்கு, சார்,” என்றாள் தராசு. வாயிலிருந்து வார்த்தை வெளியே போய்விட்டது. அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்.

குடும்பத்தின் வயிற்றில் அடிக்கும் கணக்கு. இன்னொரு தடவை பார்க்காமல் அவளுக்கு மனசு ஆறவில்லை. முதல் அடுப்பின் கனமான ரொட்டியைத் தூக்கி எடைமேடையில் வைத்தாள். காலையில் நானூற்றெட்டு காட்டியது, இப்போது நானூற்று மூன்று. மேடைதான் கெட்டுவிட்டதோ என்று எடைக்கல்லை வைத்தாள், சரியாக இருந்தது. அடுத்த ரொட்டி, அதற்கடுத்தது, எல்லாமே இளைத்திருந்தன. இரண்டாம் அடுப்பின் ரொட்டிகளோ ஏறக்குறைய அப்படியே இருந்தன.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. எடைமேடை இருப்பது முதல் அடுப்பின் பக்கத்தில். வழக்கம்போல அந்த ரொட்டிகளை ஆவி பறக்கப் பறக்க எடை போட்டிருக்கிறாள். இரண்டாம் அடுப்பின் ரொட்டிகள் தட்டில் காத்திருந்து, ஈரம் போய், ஆறிய பிறகு அவள் கைக்கு வந்தன. விலகல் நிஜம். ஆனால் அது அடுப்பின் விலகல் இல்லை, சூட்டின் விலகல். தப்பு அடுப்புடையது அல்ல, அவளுடையது.

முதலாளியின் அறைக்குப் போய் அதை அப்படியே சொன்னாள்.

“இப்ப உங்க நாத்தனாருக்காகப் பேசறீங்களா?”

“நாளைக்கு எல்லாத்தையும் ஆறவிட்டு, உங்க கண்ணு முன்னாடி போடறேன். அப்பவும் குறைஞ்சா மூடிடுங்க. என்னையும் அனுப்பிடுங்க.”

மறுநாள் புதிய ரொட்டிகள். முழுக்க ஆறியதும், இதிலொன்று அதிலொன்று என்று மாற்றி மாற்றி வைத்தாள். முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மீசைக்காரர் அவர் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். நாத்தனார் வெளியே, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முந்நூற்றுத் தொண்ணூற்றேழு. முதல் அடுப்பின் சராசரி அது; இரண்டாவதற்கு முந்நூற்றுத் தொண்ணூற்றாறு. டி ஒன்றைக்கூட எட்டவில்லை.

“அப்ப ரெண்டு அடுப்பும் ஒண்ணுதான்?” என்றார் முதலாளி.

“ஒண்ணுதான்னு சொல்ல மாட்டேன், சார். வேற வேறன்னு சொல்ல இதுல ஆதாரம் இல்ல, அவ்வளவுதான். ஆனா ஒண்ணு பாருங்க.” திரையில் இரண்டு எண்களையும் தொட்டுக் காட்டினாள். “கடைக்காரர் ஆறின ரொட்டியத்தான் வாங்கறாரு. ரெண்டுமே நானூறு இல்ல. மாவையே குறைச்சு வெட்டறோம்.”

முதலாளி குனிந்து அந்த எண்களைப் பார்த்தார். பிறகு மாவு வெட்டும் இயந்திரத்தைத் திருத்த ஆளைக் கூப்பிட்டார். போகிறபோது தராசின் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “எடைமேடைய ஆறவைக்கிற அறைக்கு மாத்துங்க. நீங்களும் அங்கயே இருங்க.”

அந்த அறையில் ஜன்னல்கூடக் கிடையாது. தராசு மறுபேச்சில்லாமல் மேடையின் ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையை மாவுக் கைகள் இரண்டு தூக்கின.

“மெதுவா அண்ணி,” என்றாள் நாத்தனார். “கால்ல போட்டுக்காதீங்க.”