ஃபெயில் ஆகாத நுரையீரல்கள்

பெரிய டாக்டரின் அறைச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஓர் அறிவிப்பு தொங்கியது: 'நுரையீரல் பரிசோதனை. இந்த ஆண்டு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பேர் நார்மல்.' பள்ளிக்கூட வாசலில் தேர்ச்சி விகிதம் மாட்டுவார்களே, அந்த மாதிரி. மூச்சு முட்டி வந்தவர்களில் இத்தனை பேர் எப்படி நார்மல் ஆனார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

ரகசியம் ஒன்றும் பெரிதில்லை. மூச்சை அளக்கும் மெஷினில் ஊதுவதற்கு முன்பே எல்லோருக்கும் மூச்சுக்குழாயைத் திறக்கும் இன்ஹேலரைக் கொடுக்கச் சொல்லிவிடுவார் டாக்டர். "பரீட்சைக்குப் போற பிள்ளைய பட்டினியாவா அனுப்புவீங்க?" என்பார். திறந்த குழாயில் ஊதினால் எண் நன்றாகத்தானே வரும். மருந்துக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை ஊதவைத்து வித்தியாசம் பார்த்தால்தான் ஆஸ்துமா அகப்படும். மெஷினை இயக்கும் பெண் இதை ஒருமுறை அவரிடம் சொல்லியும் பார்த்தாள்.

"நீ ஊதச் சொல்லு, போதும்."

நாள் முழுக்க "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க" என்று கத்துவதே அவள் தொழில். ஊது அக்கா என்று பெயரே வந்துவிட்டது.

ரொட்டித் தொழிற்சாலையில் மாவு சலிக்கும் பெண்ணொருத்தி மாமியாரோடு மூன்றாம் முறையாக வந்திருந்தாள். மாவு பறக்கிற அறையில் அவளால் மூச்சு விட முடியவில்லை. பெட்டி மடிக்கும் பிரிவில் ஓர் இடம் காலி. ஆஸ்துமா என்று டாக்டர் கையெழுத்து கொண்டுவந்தால் மாற்றித் தருவதாக மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். நாளைக்குள் வராவிட்டால் இடம் வேறொருத்திக்கு. முந்தைய இரண்டு முறையும் பாவம், அவள் பாஸ் ஆகித் தொலைத்திருந்தாள்.

"உனக்கு நோயே இல்லம்மா. எல்லாம் மனசு. மாவைப் பார்த்தா பயம்," என்றார் டாக்டர்.

"பயத்துல இருமல் வருமா டாக்டர்?" என்றாள் மாமியார். "வீட்டுல எல்லாரும் என்னைப் பார்த்துதான் பயப்படுறாங்க. ஒருத்தரும் இருமினதில்லையே."

அன்று ஊது அக்கா இன்ஹேலரைக் கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு, மருமகளை முதலில் ஊதவைத்தாள். முதல் நொடியில் வெளிவந்த காற்று 1.6 லிட்டர். பிறகு மருந்து. கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதினாள்: 2.1. இரண்டு தாள்களையும் டாக்டரின் மேஜைமேல் வைத்தாள்.

டாக்டர் தாள்களைத் தள்ளினார். "மெஷின் கெட்டுப்போச்சு."

"அப்ப நீங்க ஊதிக் காட்டுங்க. உங்களுக்குச் சரியா வந்தா மெஷின் நல்லாத்தானே இருக்கு," என்றாள் மாமியார். வாசலில் நின்ற நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். பின்வாங்க வழியில்லை.

மூலையிலிருந்த மெஷினின் திரையில், குழந்தைகளை ஊதவைப்பதற்கான படமாக எட்டு மெழுகுவத்திகள் எரிந்தன. ஊத ஊத ஒவ்வொன்றாக அணையும். டாக்டர் டையைச் சரிசெய்து, விழாவில் நாடா வெட்டுகிற முகத்தோடு, கௌரவமாக ஒரு ஊது ஊதினார். இரண்டு அணைந்தன.

"ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க," பழக்கதோஷத்தில் ஊது அக்கா கத்தினாள்.

டாக்டரின் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. மூன்றாவது மெழுகுவத்தி ஆடிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து நின்றது. 'முயற்சி போதாது. மீண்டும் ஊதவும்' என்றது திரை.

"நோயெல்லாம் இருக்காது டாக்டர்," என்றாள் மாமியார் ஆறுதலாக. "மனசுதான்."

வாசலில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். டாக்டர் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு லெட்டர்பேடை இழுத்தார். 'இவருக்கு ஆஸ்துமா இருப்பதை எனது நீண்ட அனுபவத்தால் முதல் நாளே ஐயமறக் கண்டறிந்தேன்' என்று தொடங்கி, தன் பட்டங்களுக்கு இரண்டு வரி ஒதுக்கி, கையெழுத்திட்டார்.

நடைபாதையில் மருமகள் அதைப் படித்துவிட்டு நின்றாள். "அத்தை, முதல் நாளே கண்டுபிடிச்சாராம்."

"கையெழுத்து இருக்கா?"

"இருக்கு."

"அப்ப மடிச்சு வை. இனிமே உனக்கு அதுதானே வேலை."