வாயாடி சொன்னது

மேஜைமேல் இருந்த லேப்டாப், “நான் வருகிறேன். எனக்கு இந்த வேலை வேண்டும்” என்றது. ரயில் நிலையத்தில் வண்டி தாமதம் என்று அறிவிக்கிற பெண்குரலைப் போல ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெள்ளத்தெளிவாகக் காதில் விழுந்தது. சோபாவில் உட்கார்ந்திருந்த அம்மா துளியும் அசரவில்லை. வந்திருந்த பெண்மணியைப் பார்த்துச் சிரித்தாள்.

“இவ்ளோ தூரம் தேடி வந்து கேட்டீங்களே, அதுவே போதும்னு சொல்றா மேடம்.”

அந்த வார்த்தைகளை லேப்டாப்பில் எழுதியவள் மகள் வாயாடி. அம்மா அழுவாள் என்று எதிர்பார்த்திருந்தாள். தலையில் அடித்துக்கொள்வாள், லேப்டாப்பைப் பட்டென்று மூடிவிடுவாள், அதற்கெல்லாம் தயாராகத்தான் இருந்தாள். மெஷின் பேசுவதற்கும் அம்மா விளக்கம் சொல்லுவாள் என்று கனவிலும் நினைக்கவில்லை. அதைவிடக் கொடுமை, எழுதியதைப் பேசுகிற அந்த மென்பொருளைச் செய்கிற அலுவலகத்திலிருந்தே வந்திருந்த பெண்மணி, தங்கள் மெஷின் பேசி முடித்த கையோடு முகத்தை அம்மா பக்கம் திருப்பினாள். வீட்டுக்கு வருகிற எல்லோரும் அப்படித்தான் திரும்புவார்கள். அவளும் விதிவிலக்கில்லை.

வாயாடி என்பது அப்பா வைத்த பட்டப்பெயர். பிறந்தபோது மூச்சு கொஞ்ச நேரம் நின்றுபோனதில் அவளுடைய கைகால்களும் நாக்கும் அவள் பேச்சைக் கேட்பதில்லை. ஆனாலும் தூங்குகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் தொண்டையிலிருந்து ஏதாவது சத்தம் வந்துகொண்டே இருக்கும். “இந்த வீட்டுல ரெண்டு வாயாடிங்க. நான் எங்க வாயைத் திறக்கறது?” என்பார் அப்பா. அவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது. வாயாடிக்கு முப்பது தாண்டிவிட்டது. வீட்டில் அவளும் அம்மாவும்தான்.

அந்தச் சத்தம் ஊரில் யாருக்கும் புரியாது. டாக்டர்களுக்குப் புரியாது, அப்பாவுக்கே அரைகுறையாகத்தான் புரியும். அம்மாவுக்கு மட்டும் ஒன்று விடாமல் புரியும். ஆகவே அம்மா பேசினாள். மாமா வந்து வீட்டை விற்று வியாபாரத்தில் போடச் சொல்லி மணிக்கணக்கில் அளந்தபோது, “இந்தப் புளுகன் எப்போ கிளம்புவான்?” என்று வாயாடி கேட்டாள். “மாமா இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணுமாம்” என்றாள் அம்மா. மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எதிர்வீட்டு அக்கா வந்து, “பாவம், போன ஜென்மத்துல என்ன செஞ்சுதோ” என்று உச்சுக்கொட்டியபோது வாயாடி சொன்னதை அச்சில் ஏற்ற முடியாது. “உங்க புடவை அழகா இருக்காம்” என்றாள் அம்மா. இப்படியே சொந்தபந்தம் முழுக்க அவளுக்குத் தங்கமான பொண்ணு, வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத பொண்ணு என்று பேராகிவிட்டது. அந்தத் தங்கமான பொண்ணை வாயாடிக்கு அறவே பிடிக்காது. அவளை ஒருநாள் சந்தித்தால் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று இருந்தாள்.

அம்மாவுக்குப் புரியாமல் போயிருந்தால்கூட மன்னித்துவிடலாம். புரிந்துகொண்டு மாற்றினாள். அதுதான் வயிற்றெரிச்சல்.

லேப்டாப்பைக் கொண்டுவந்தது பிசியோ அக்கா. வாரம் ஒருமுறை வந்து கைகால்களை நீட்டி மடக்கிவிடுகிறவள். தன் பழைய லேப்டாப்பில் ஒரு மென்பொருளை ஏற்றி, திரையை வாயாடியின் கண்ணுக்கு நேராக வைத்தாள். திரையில் வரிசை வரிசையாகத் தமிழ் எழுத்துகள், சின்ன வயதில் அப்பா சொல்லிக்கொடுத்தவை. பச்சை வெளிச்சம் ஒவ்வொரு வரிசையாக இறங்கிவரும். வேண்டிய வரிசை வந்ததும் ஸ்விட்சைத் தட்டினால், வெளிச்சம் அந்த வரிசைக்குள் எழுத்து எழுத்தாக நகரும். வேண்டிய எழுத்தில் இன்னொரு தட்டு. ஸ்விட்ச் என்றால் டப்பா மூடி அளவில் ஒரு சிவப்புப் பொத்தான்தான். உடம்பில் சொன்னபடி கேட்கிற ஒரே உறுப்பு இடது முழங்கால் என்பதால், அதைச் சக்கர நாற்காலியின் பக்கவாட்டில், முழங்காலுக்குப் பக்கத்தில் மாட்டினார்கள்.

“இதுக்கு எவ்வளவு கேப்பாங்க?” என்றாள் அம்மா.

“இலவசம்மா. யாரு வேணா எடுத்துக்கலாம்.”

“சும்மா குடுக்கறாங்கன்னா ஏதோ வில்லங்கம் இருக்கு” என்றாள் அம்மா. அவள் சொன்னது பொய்யில்லை.

வில்லங்கம் அன்றைக்கே வந்தது. முதல் வார்த்தை ‘அம்மா’ என்றுதான் இருக்கும் என்று பிசியோ அக்கா போனில் வீடியோ எடுக்கத் தயாராக நின்றாள். அம்மாவும் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். வாயாடி வியர்க்க விறுவிறுக்க முழங்காலை ஆட்டி ஆட்டி எழுதினாள். இரண்டு இடத்தில் தப்பாகி, அழித்து, திரும்பவும் எழுதினாள். கடைசியில் லேப்டாப் வாயைத் திறந்தது: “எனக்கு இந்த டிவி தொடர் பிடிக்காது.”

சாயங்காலமானால் அம்மா போடுகிற தொடர் அது. “இவளுக்கு இதுன்னா உயிர். இவளுக்காகத்தான் நானும் பாக்கறேன்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். பிசியோ அக்கா போனை மெதுவாகக் கீழே இறக்கினாள். அம்மா அடுப்படிக்குப் போனாள். அன்றிலிருந்து அந்தத் திரையை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்று வைராக்கியம். மெஷின் பேசும்போது பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாக விழும்.

வாயாடி விடவில்லை. திரையில் ஒரு எழுத்து எழுதினாலே அடுத்து வரப்போகிற வார்த்தைகளை மென்பொருள் தானாகக் காட்டும். நன்றி, தயவுசெய்து, மன்னிக்கவும், தண்ணீர், வலிக்கிறது. பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கேயும் அந்தத் தங்கமான பொண்ணா? பிசியோ அக்கா தன் போனிலிருந்து இணையம் கொடுத்த நேரம் பார்த்து, மென்பொருள் செய்தவர்களுக்கு வாயாடி ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். எழுதவே பல நாள் ஆயிற்று. “உங்கள் வார்த்தைகளில் எத்தனை முறை நன்றி சொல்வது? எனக்குக் கோபம் வராதா? ‘வாயை மூடு’ எங்கே? ‘போடா’ எங்கே? ‘முடியாது’ கூட இல்லையே. உடம்பு முடியாதவர்கள் முடியாது என்று சொல்ல மாட்டார்கள் என்று யார் சொன்னது?”

பதில் மறுநாளே வந்தது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததாகவும், பிறகு வெட்கமாக இருந்ததாகவும் எழுதியிருந்தார்கள். தமிழ் வார்த்தைகளைச் சேர்த்துச் சரிபார்க்க, உண்மையிலேயே இதை வைத்துப் பேசுகிற ஒருவர் வேண்டும், வருகிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். வேறு ஊர். அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே தரைத்தளத்தில் ஒரு வீடு. சக்கர நாற்காலியில் இருக்கிற இன்னும் இரண்டு பெண்களும், உதவிக்கு ஆட்களும். பிசியோ அக்கா அதை வாசித்துக் காட்டியபோது வாயாடி போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு அக்கா எட்டிப்பார்த்தாள். அம்மா இரண்டு நாள் கழித்து அந்த அலுவலகத்துக்குப் போன் போட்டு, “அவளுக்கு இஷ்டமில்லைங்க, என்னை விட்டு இருக்க மாட்டா” என்றாள். மின்னஞ்சலில் திட்டியவளுக்கும் போனில் கேட்டதற்கும் ஒட்டவில்லையே என்று சந்தேகப்பட்டுத்தான் பெண்மணி நேரிலேயே வந்திருந்தாள்.

இவளும் அம்மாவை நம்பிப் போய்விட்டால் அவ்வளவுதான். இன்னொரு கடிதம் வராது.

வாயாடி மறுபடி எழுதினாள். அவள் எழுதுகிற நேரத்தை அம்மா வீணாக்கவில்லை. மகளுக்கு எந்தப் பக்கம் படுத்தால் மூச்சு முட்டும், சோறு எந்த அளவுக்குக் குழைந்தால் தொண்டையில் இறங்கும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்றுகூடப் பொய்யில்லை.

“அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லுங்கள்” என்றது லேப்டாப்.

“உள்ள புழுக்கமா இருக்காம், என்னைக் கூட்டிக்கிட்டு வெளிய போகணுங்கறா” என்று சொல்லி எழுந்து அம்மா மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினாள்.

பெண்மணி நெற்றியைச் சுருக்கினாள். “அம்மா, அவங்க அப்படிச் சொன்ன மாதிரி தெரியலையே?”

“மேடம், முழங்கால் தவறிப் பட்டா அது என்ன வேணா சொல்லும். அதுக்கு என்ன தெரியும்? பொறந்ததுல இருந்து நான்தானே பேசறேன் இவளுக்கு. இவ மூச்சு விட்டாலே எனக்குத் தெரியும் என்ன சொல்றான்னு.”

அந்த வார்த்தையில்தான் வாயாடிக்குப் பொறி தட்டியது. தெரியும் அல்லவா? நல்லது. தெரிந்ததைக் காட்டட்டும்.

அவள் மூன்றாவது முறை எழுத ஆரம்பித்தாள். இந்த முறை எழுதி முடித்துவிட்டுப் பேசு என்கிற கட்டத்தைத் தட்டவில்லை. எழுத்துகள் திரையின் மேலே அப்படியே நின்றன. பெண்மணியைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி பெண்மணியைப் பார்த்தாள். பெண்மணி நாற்காலியை நகர்த்திப் போட்டு, திரையில் இருந்ததைப் படித்தாள். அம்மா வழக்கம்போல முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் வாயாடி தன் சொந்தத் தொண்டையைத் திறந்தாள். கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, எச்சில் வழிந்தது. தேங்கித் தேங்கி, உடைந்து, அந்த வாக்கியம் வெளியே வந்தது. திரையில் இருந்த அதே வாக்கியம்.

அம்மாவின் கை புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்துவிட்டது. பிறகு சொன்னாள்:

“பயமா இருக்காம் மேடம். அவளுக்கு ரொம்பப் பயமா இருக்குன்னு சொல்றா.”

வாயாடி பேசு என்கிற கட்டத்தில் முழங்காலைத் தட்டினாள்.

“அம்மாவுக்குப் பயம்” என்றது லேப்டாப்.

பெண்மணி தரையைப் பார்த்தாள். இந்த இடத்தில் வாயாடிக்கு வெற்றிக் களிப்பு வந்திருக்க வேண்டும். வந்தது. ரொம்ப நாள் பசித்தவளுக்குச் சோறு கிடைத்தது போலத்தான் இருந்தது. கூடவே அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமலும் இருந்தது. ஆனாலும் பார்த்தாள். பார்வையை விலக்கிக்கொள்ளக் கூடாது என்று பிடிவாதமாகப் பார்த்தாள்.

“நீங்க எப்ப வரலாம்னு சொல்லுங்க” என்று பெண்மணி கேட்டாள். இந்த முறை முகம் வாயாடியின் பக்கம் இருந்தது. “நிதானமா எழுதுங்க. நான் வாசல்ல இருக்கேன்.” செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு சண்டைக்கு நிற்பவளைப் போல முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“ஆமாடி. பயந்தான். உன் சத்தம் அங்க யாருக்குப் புரியும்? ராத்திரி இருமினா எந்த இருமல்னு எவளுக்குத் தெரியும்? நீ அந்த மாமனைப் புளுகன்னதை நான் அப்படியே சொல்லியிருந்தா இந்த வீட்டு வாசப்படி யாரு மிதிச்சிருப்பா? உன்னை நாலு பேரு தூக்கிப் பேசணும்னுதானே அத்தனையும் சொன்னேன்.” குரல் உடைந்தது. “எல்லாத்தையும் நானே பேசிப் பேசி, எனக்குன்னு என்ன பேசறதுன்னே மறந்துபோச்சு. நீ போயிட்டா நான் யாருக்குடி பேசுவேன்?”

அம்மா அவளிடம் இதுவரை எத்தனையோ கேட்டிருக்கிறாள். பசிக்குதா, வலிக்குதா, திருப்பிப் படுக்கவைக்கட்டுமா. எல்லாவற்றுக்கும் பதில் அம்மாவுக்கே தெரியும். பதில் தெரியாமல் கேட்ட முதல் கேள்வி இதுதான் என்று வாயாடிக்குத் தோன்றியது. போகவில்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரே ஒரு கணம் நினைத்தாள். அந்த நினைப்பே தங்கமான பொண்ணின் நினைப்பு. ஓடு என்று அதைத் துரத்தினாள்.

முழங்காலைத் தட்டினாள். வெளிச்சம் மேலிருந்து வரிசை வரிசையாக இறங்க ஆரம்பித்தது. அம்மா எதிரே நின்றவள் நாற்காலியைச் சுற்றி வந்து, வாயாடியின் தோளுக்குப் பின்னால் குனிந்து, இத்தனை நாளில் முதல் தடவையாகத் திரையைப் பார்த்தாள். வெளிச்சம் நின்றது, பக்கவாட்டில் நகர்ந்தது, நின்றது. ‘ஞா’ என்று விழுந்தது. அடுத்து ‘யி’. அம்மாவின் மூச்சு அவள் காதோரம் சூடாகப் பட்டது.

“ஞாயித்துக்கிழமை…” என்றாள் அம்மா. “ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வருவேன்னு சொல்றியா? அதானே?”

அதுதான். அம்மா சரியாகத்தான் சொன்னாள், ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஆனால் இதையும் அம்மாவே சொல்லிவிட்டாள்.

வெளிச்சம் கடைசி வரிசைக்கு வரும்வரை வாயாடி காத்திருந்தாள். அழி என்ற கட்டத்தில் முழங்காலைத் தட்டினாள். ‘யி’ போயிற்று. மறுபடி காத்திருந்து தட்டினாள். ‘ஞா’வும் போயிற்று. திரை வெறுமையாக இருந்தது.

அம்மா எதையோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு வலது கையைத் தூக்கி, உள்ளங்கையால் தன் வாயை அழுத்திப் பொத்திக்கொண்டாள். பச்சை வெளிச்சம் முதல் வரிசையிலிருந்து மறுபடி இறங்கிவந்துகொண்டிருந்தது.