கோடி மார்க் லுங்கி

திருத்தணி மணவாளனுக்கு நான்கு விசைத்தறிகளும், கல்யாண வயதில் ஒரு மகளும், ஊரில் வேறு யாருக்கும் இல்லாத அளவுக்கு மானமும் இருந்தன. தறியும் மகளும் அவருக்கு ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை.

அவர் நெய்த லுங்கிக்கு மயில் மார்க் என்று பெயர். பெயர் வைத்தவர் அவர்தான். அப்படிக் கூப்பிட்டவரும் அவர் ஒருத்தர்தான். லேபிள் போடக் கொடுத்தபோது, மயிலைத் தோகையோடு போட்டால் ஒரு தாளுக்கு எட்டு லேபிள், தோகை இல்லாமல் போட்டால் பன்னிரண்டு என்று அச்சகத்துக்காரர் சொன்னார். மணவாளன் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. வெட்டுங்க என்றார். தோகை போன மயில் கொண்டையும் காலுமாக நின்றது. உள்ளூர்க்காரர்கள் மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டார்கள். ஆந்திரா பக்கத்தில் கண்ணுக்குப் பட்டதைச் சொன்னார்கள்: கோடி. தெலுங்கில் கோடி என்றால் கோழி.

கோடி லுங்கி நகரி, புத்தூர் கடைகளில் சக்கைப்போடு போட்டது. கைநாட்டு ஆசாமிகூடக் கடைவாசலில் நின்று கோடி என்று கேட்டு வாங்கிப் போனான். சரக்கு போய்க்கொண்டிருந்தவரைக்கும் மணவாளனின் காதில் அந்தப் பெயர் உறுத்தவே இல்லை.

உறுத்தியது எண்பத்து நாலாம் வருஷம் ஆவணியில். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்களுக்கு மகள் கமலாவைப் பிடித்துப்போய், தட்டு மாற்றப் பஞ்சாங்கம் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து நகரி ஜவுளிக்கடை பங்காரு தெருவில் நின்றபடியே குரல் கொடுத்தார்.

"ஏம்பா மணவாளா! அவசரமா கோடி வேணும்பா! இருபது கட்டு!"

கூடத்தில் பஞ்சாங்கத்தை மூடிவிட்டார்கள். தமிழில் கோடி என்றால் செத்தவர் மேல் போர்த்த உறவுக்காரர்கள் கொண்டுவரும் புதுத்துணி. பெண் பார்க்க வந்த வீட்டில் அதை ஒருத்தர் இருபது கட்டாகக் கேட்கிறார். மாப்பிள்ளையின் அத்தை குடித்த காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். மற்றவர்களும் எழுந்தார்கள். மணவாளன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலேயே ஓடினார்.

"அய்யோ, அது தெலுங்குங்க! கோடின்னா கோழிங்க!"

"ஓகோ, கோழி யாவாரமா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. அவர்கள் வீட்டில் முட்டைகூடச் சேர்ப்பதில்லை. "மொதல்ல அந்தப் பேரை ஒழிச்சிட்டு வாங்க. அப்பால பேசலாம்."

அன்றைக்குக் கமலா சாப்பிடவில்லை.

மனைவி பத்மாவின் தம்பி பாலு அந்த ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வந்து இறங்கினான். மெட்ராசில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை. ஓவியர் வரைந்ததைச் சைக்கிளில் அச்சாபீசுக்குக் கொண்டு போவதுதான் வேலை என்றாலும், திருத்தணி ஸ்டேஷனில் இறங்கும்போது கம்பெனியே அவன் தலையில் ஓடுவதாகத்தான் தெரியும்.

"பாவா, பொருட்காட்சில வீடியோ கேம்னு ஒரு மிஷின் வச்சிக்கீறான். டிவி மாதிரி. அதுக்குள்ள ஒரு மஞ்ச வட்டம் வாயைப் பொளந்துகினு புள்ளியெல்லாம் துன்னுகினே ஓடுது. உலகம் பூரா அதுக்குப் பைத்தியமாக் கீது. ஏன் தெரியுமா?"

மணவாளனுக்குத் தெரியவில்லை. அப்படி ஒன்று இருப்பதே இப்போதுதான் தெரிந்தது.

"மார்க்கு பாவா, மார்க்கு! பேரை எழுதிகீறான் பாரு, அதுல ஒரு எழுத்தே வாயைப் பொளந்துகினு நிக்குது. கண்ணு இல்ல, மூக்கு இல்ல, காலு இல்ல. வட்டம், வாய், தீர்ந்துச்சு. பிராண்டுன்னா அதான். படிக்கத் தெரியாதவன்கூட தூரத்துல பாத்தாலே இன்னதுன்னு சொல்லணும்."

"கோழியையும் படிக்கத் தெரியாதவங்கதான்டா தூரத்துல பாத்தே கேக்கறாங்க" என்றாள் பத்மா, புளி கரைத்துக்கொண்டே.

வியாபார விஷயத்தில் பெண்கள் பேசினால் காது கேட்காமல் போகும் ஒரு வியாதி மணவாளனுக்கு உண்டு. அன்றைக்கு அது பாலுவுக்கும் தொற்றிக்கொண்டது. அவன் தாளை எடுத்து மணவாளன் என்று எழுதினான். நடுவில் இருந்த 'வா'வின் சுழியை மட்டும் பெரிய மஞ்சள் வட்டமாக்கி, ஒரு துண்டை வெட்டி வாய் வைத்தான்.

"பாத்தியா பாவா? உன் பேருக்குள்ளயே 'வா' கீது. வா வான்னு கிராக்கியைக் கூப்புடுது!"

மணவாளனுக்கு உடம்பு சிலிர்த்தது. நாற்பத்தெட்டு வருஷமாகத் தன் பெயருக்குள் ஒரு வியாபாரி ஒளிந்திருந்தது தெரியாமல் போயிற்றே என்று வருத்தமாகக்கூட இருந்தது. வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தெலுங்கர்கள், அவர்களுக்கு 'வா'வும் ஒன்று, வாழைக்காயும் ஒன்று என்பது மாமன் மச்சான் இருவருக்குமே தோன்றவில்லை.

புது லேபிள் வந்தது. பழைய கோழி லேபிள் மூட்டை மூட்டையாக மூலையில் கிடந்தது. பக்கத்துத் தெருவில் இரண்டு தறி வைத்திருந்த ஜம்புலிங்கம் டீக்கடையில் வைத்துத் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அண்ணே, தூக்கித்தான போடப்போற? நான் எடுத்துக்கவா?"

"எடுத்துக்கடா! லேபிளு, அச்சு, அல்லாத்தையும் தூக்கினு போ. இனிமே அந்தக் கோழிக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல!" என்று கடையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி மணவாளன் கை கழுவினார். காஞ்சிபுரத்துக்குச் சேதி போயிற்று. நிச்சயம் நடந்தது. தை மாதம் கல்யாணம். தீபாவளிக்குப் பங்காரு எடுக்கும் சரக்கை நம்பித்தான் அந்தக் கல்யாணமே.

பங்காரு வரவில்லை. மணவாளன் ஒரு வாரம் பார்த்தார், இரண்டு வாரம் பார்த்தார். தறிகள் நெய்து தள்ளிய லுங்கி பரண்வரைக்கும் ஏறிவிட்டது. கடைசியில் ஒரு கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நகரி பஸ் ஏறினார்.

"ஆங், வா மணவாளா" என்ற பங்காரு, கட்டைப் பிரித்து லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாபா இது? எலி கடிச்ச அப்பளமா?"

"புது மார்க்குங்க. மெட்ராஸ் டிசைனு."

"துணில எலி கடிச்ச படத்தை ஒட்டி யாராச்சும் விப்பாங்களா? ஒருத்தன் வாங்கினு போனான்னா, வீட்ல பிரிச்சு ஓட்டை தேடிட்டுத் திருப்பிக் குடுத்துடுவாம்பா!"

அந்தச் சமயத்தில் கூலிக்காரர் ஒருவர் வந்து, "அன்னா, கோடி லுங்கி ஒகட்டி இவ்வு" என்றார். பங்காரு பின்னால் திரும்பாமலே கையை நீட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கொண்டை, கால், அதே லேபிள். மணவாளன் அதைப் பிடுங்கி விரலை நாக்கில் தொட்டுத் துணியில் தேய்த்தார். விரல் நீலமாயிற்று.

"சாயம் போவுதுய்யா! இது ஜம்புலிங்கம் சரக்கு, டூப்ளிகேட்டு! ஒரிஜினல் நான்!"

"லேபிளு அவன்கிட்டதானே கீது?"

"நான் குடுத்தது! அது கோழியே இல்லய்யா, மயிலு! நான் வெச்ச மயிலு! தோகையை வெட்டச் சொன்னதே நான்தான்யா!"

கடைவாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கூலிக்காரர் லேபிளைப் பார்த்தார், மணவாளனைப் பார்த்தார், மறுபடி லேபிளைப் பார்த்தார். பங்காரு நிதானமாகத் தலையாட்டினார்.

"அப்போ உன்னுது மயிலு. அவன்து கோடி. நம்ம கிராக்கி கேக்கறது கோடிதானே?"

சிரிப்பில் கடைத்தெருவே குலுங்கியது. மணவாளனுக்குக் கண் கலங்கிவிட்டது. தை மாதம் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தது.

"கோடிதான்யா" என்றார் மெதுவாக. "கோழிதான். என் கோழிதான்."

பங்காருவுக்கே பாவமாகிவிட்டது. துணியைக் கசக்கிப் பார்த்தார். "துணி இன்னமோ உன்னுதுதான் ஒசத்தி. தீவாளிக்கு இருபது கட்டு எடுத்துக்கறேன் போ. ஜம்புலிங்கத்துகிட்ட லேபிளு வாங்கி ஒட்டிகினு வந்துடு."

அன்று சாயங்காலம் மணவாளன் ஜம்புலிங்கம் வீட்டு வாசலில் நின்றார். ஜம்புலிங்கம் நாற்காலி எடுத்துப் போட்டான், டீ வாங்கிவரச் சொன்னான், கேட்ட லேபிளை எண்ணாமல் அள்ளிக் கொடுத்தான். மணவாளன் எழுந்தபோது தெருமுனைவரைக்கும் கூடவே வந்து, தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அண்ணே, தப்பா நெனைக்காத. யாராச்சும் கேட்டா, ஜம்புலிங்கத்துக்காகத்தான் நெய்யறேன்னு சொல்லிடு. நம்ம கோடிக்குன்னு ஒரு பேரு கீதில்ல, கெட்டுடக் கூடாது பாரு."

"ஆங்" என்றார் மணவாளன்.