விளக்குப் பெண்ணுக்கு எத்தனை மார்க்

கோலார் தங்கவயல் மாரிக்குப்பத்திலிருந்து காலையில் கிளம்பும் பெங்களூர் வண்டியில், கடைசிக்கு முந்தின பெட்டியில், ஒரு ஜன்னல் ஓரத்து எதிரெதிர் இருக்கைகளுக்குக் 'கேம் பெஞ்சு' என்று பெயர். அந்த வண்டியில் சீட்டாடுகிற பெஞ்சு உண்டு, ஜெபம் பண்ணுகிற பெஞ்சு உண்டு, ஏறியதும் வாய் பிளந்து தூங்குகிற பெஞ்சு உண்டு. இந்தப் பெஞ்சில் ஜப்பான்காரர்களின் கதை நடக்கும்.

நடத்துகிறவன் லாய்ட். ஒயிட்ஃபீல்டில் ஒரு கிடங்கில் சரக்குக் கணக்குப் பார்க்கிறவன். நாற்பதைத் தாண்டியவன். அடுத்த ஸ்டேஷனான சாம்பியன் ரீப்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பையிலிருந்து கையளவு கேம் மெஷினை எடுப்பான். சுட்டுத் தள்ளுகிற விளையாட்டுகளைத் தொடமாட்டான். ஒரு ராஜ்யத்தையே காப்பாற்றப் போகிறவனை வழியில் நிறுத்தி, சமையல்காரி தொலைத்த கரண்டியைத் தேடி அலையவிடுகிற ஜப்பானியக் கதை விளையாட்டுகள்தான் அவனுக்கு உயிர். திரையில் வரும் ஆங்கில வசனங்களை அப்போதைக்கப்போது தமிழாக்கி, ஆளுக்கு ஒரு குரல் கொடுத்து வாசிப்பான். கதை எங்கே இரண்டாகப் பிரிகிறதோ அங்கே பெஞ்சு கை தூக்கி ஓட்டுப் போடும். எல்லாம் முடிந்த பிறகு லாய்ட் காட்சிக்குக் காட்சி மார்க் போட்டுத் தன் வலைப்பக்கத்தில் விமர்சனம் எழுதுவான். அதன் கடைசிப் பத்திக்கு 'பெஞ்சு சொல்வது' என்று தலைப்பு. முன்பின் பார்த்திராத ஊர்களில் இருந்தெல்லாம் அதைப் படித்துவிட்டு, "பார்வதம்மா என்ன சொன்னார்?" என்று கேட்டு எழுதுவார்கள்.

பார்வதம்மா ஒயிட்ஃபீல்டு அடுக்குமாடி ஒன்றில் துப்புரவு ஆட்களை மேய்க்கிறவள். மாரிக்குப்பத்திலேயே ஏறி, துண்டு போட்டுப் பெஞ்சைப் பிடித்துவைப்பது அவள்தான். வீட்டில் தெலுங்கு, வண்டியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். சாம்ராஜ் ஒரு கராஜில் மேஸ்திரி, லாய்டும் அவரும் ஒரே சர்ச் சபை. ஈவ்லின் ஆஸ்பத்திரி பில் கவுண்டரில் இருப்பவள். ஊரிகத்தில் ஏறுகிற கௌதமன், பேங்கு கார்டுக்காரர்களின் வசவுகளைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளும் வேலையில் இருப்பவன். இந்த நாலு பேருக்கும் ஒரே ஒரு சட்டம். யாரும் நெட்டில் தேடி முடிவைத் தெரிந்துகொண்டு வரக்கூடாது.

ஒரு விளையாட்டு நல்லதா கெட்டதா என்று பார்க்க லாய்டிடம் ஒரு வழி இருந்தது. கதையில் பெரிதாக ஏதாவது நடந்ததும், மேலே போகாமல், ஊருக்குத் திரும்பி ஒவ்வொருவரிடமும் பேசிப்பார்ப்பான். வெள்ளம் வந்து வடிந்த பிறகும் கிணற்றடிக்காரன் "இன்று நல்ல வெயில்" என்று பழைய வசனத்தையே சொன்னால், அது சோம்பேறிகள் செய்த விளையாட்டு. அவன் புதிதாக ஒரு வார்த்தை சொன்னால் செய்தவர்களுக்கு மனது இருக்கிறது என்று அர்த்தம். பெஞ்சும் இதைப் பழகிக்கொண்டது. "அந்த வண்ணான் இப்ப இன்னா சொல்றான், கேளு" என்று சாம்ராஜே சொல்வார்.

மழைக்காலத்தின் முடிவில் லாய்டின் மனைவி லவினா இறந்துபோனாள். காலையில் நெஞ்சு வலி என்றாள், மதியம் இல்லை. பெஞ்சு முழுவதும் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தது. பார்வதம்மா மண் போட்டுவிட்டு, சபை ஆட்களுக்கு நடுவில் நின்று சத்தமாக அழுதாள்.

லாய்ட் திரும்ப வேலைக்குப் போன அன்று ஜன்னலோரம் அவனுக்கு விடப்பட்டிருந்தது. "சாப்டியா லாய்டு?" என்றாள் பார்வதம்மா. கொஞ்ச நேரம் கழித்து ஈவ்லின் கேட்டாள், "சாப்டீங்களா?" ஊரிகத்தில் கௌதமன் ஏறினான். "சாப்டீங்களாண்ணா?" அவன் பேச வாயெடுத்தால் எல்லோரும் தங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவன் எது சொன்னாலும் சரி என்றார்கள். வண்டி லேட் என்றாலும் சரி, சீக்கிரம் என்றாலும் சரி. சாம்ராஜ் அவனை வாடா போடா என்பதை விட்டு "வாங்க" என்றார். ஒரு நாள் வேண்டுமென்றே, இந்த வருஷம் சபைப் பாடகர் குழுவே மோசம் என்று லாய்ட் சொல்லிப்பார்த்தான். அந்தக் குழுவுக்கு இருபது வருஷமாகப் பாடுகிற சாம்ராஜ், "ஆமா, கொஞ்சம் சுதி எறங்கித்தான் போச்சு" என்றார்.

அன்றைக்குத்தான் லாய்டுக்குப் பயம் வந்தது. வீடு காலியாகும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. வண்டியும் காலியாகும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. நல்ல மனிதர்கள்தான். ஆனால் என்ன கேட்டாலும் ஒரே வசனம். இப்படியே போனால் இந்தப் பெஞ்சில் இனி யாரும் தன்னோடு சண்டைக்கு வரமாட்டார்கள் என்று தோன்றியது. சண்டைக்கு ஆள் இல்லாதவன் விமர்சனம் எழுதி என்ன செய்ய?

மறுநாள் மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

லவினா போவதற்கு முன் பாதியில் நின்ற விளையாட்டு அது. பனி மூடிய ஒரு துறைமுகம். அங்கே கோபுரத்தில் தனியாக இருந்துகொண்டு கப்பல்களுக்கு விளக்கு ஏற்றுகிற ஒரு பெண், சியோரி. பெஞ்சில் அவள் பெயர் விளக்குப் பொண்ணு. வாயைத் திறக்கமாட்டாள். கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டுவாள். அவள் ஏற்றும் ஒவ்வொரு விளக்கும் அவள் உயிரில் கொஞ்சத்தைத் தின்கிறது என்று கதாநாயகன் ரென் கண்டுபிடித்த இடத்தில் கதை நின்றிருந்தது. கடலில் புயல். கப்பல் நிறைய ஜனங்கள். கடைசி விளக்கையும் ஏற்றுவதா, எரிவதையெல்லாம் அணைத்துவிட்டு அவளை அழைத்துக்கொண்டு ஓடுவதா?

"ஓட்டுப் போடுங்க," என்றான் லாய்ட். "ஏத்தணுமா, அணைக்கணுமா?"

"அணைச்சுடு," என்றாள் பார்வதம்மா உடனே.

"அணைச்சுடலாம்," என்றாள் ஈவ்லின்.

சாம்ராஜும் கௌதமனும் கை தூக்கினார்கள்.

லாய்ட் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். இதே விளையாட்டில், மீன்காரக் கிழவன் ஒருவனைப் பனியில் விட்டுவிட்டுப் போகலாம் என்று அவன் சொன்னதற்காக, மாலூர் வரைக்கும் அவனை விடாமல் ஏசியவள் பார்வதம்மா. இப்போது ஒரு கப்பல் ஜனத்தையே முழுக விடுகிறாள்.

"கப்பல்ல கொழந்தைங்க இருக்குது, பார்வதம்மா."

"இருக்கட்டும். நீச்சல் அடிக்கும்."

"கௌதமா," என்றான் லாய்ட். "நீ நெட்டுல பாத்துட்ட."

"இல்லண்ணா."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

கௌதமன் ஜன்னலைப் பார்த்துச் சொன்னான். "சாரிண்ணா. ஏத்தினா அவ செத்துடுவா. ரொம்ப நேரம் சாவா. நம்ம அண்ணன் இத்தப் போய் எப்படிப் படிக்கும்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"என் வீட்ல ஒருத்தி செத்தா, ஜப்பான்ல யாருமே சாகக்கூடாதா?"

வண்டி டேக்கலில் நின்று கிளம்பியது. லாய்ட் 'ஏற்று' என்பதில் விரலை வைத்தான். கோபத்தில் வைத்துவிட்டான், வைத்த பிறகு எடுத்துவிடலாமா என்று இருந்தது. ஆனாலும் அழுத்தினான்.

கப்பல் கரை சேர்ந்தது. சியோரி படிக்கட்டில் சரிந்தாள். ரென் ஓடிப்போய் அவளைத் தாங்கிக்கொண்டான். பனி விழுந்தது. அதுவரை பேசாதவள் பேச ஆரம்பித்தாள். லாய்ட் அவளுக்கென்று குரல் எதையும் வைத்துக்கொள்ளாமல் தன் குரலிலேயே வாசித்தான். முதல் வரிகளில் வார்த்தைக்கு வார்த்தை நின்று நின்று போனான். சாம்ராஜ் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈவ்லின் கைக்குட்டையைத் தயாராக எடுத்துவைத்திருந்தாள்.

சியோரி ரென்னுக்கு நன்றி சொன்னாள். துறைமுகத்துக்கு நன்றி சொன்னாள். கடற்பறவைகளுக்கு, பனிக்கு, தனக்கு ரொட்டி கொடுத்த கடைக்காரிக்கு, தச்சன் வீட்டு நாய்க்கு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. லாய்ட் பொத்தானை அழுத்தினான், அடுத்த வரி வந்தது. அழுத்தினான், அடுத்த வரி. பின்னால் வயலின் வேறு. மாலூர் வந்து போய்விட்டது. சியோரி இன்னும் தன் சின்ன வயதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் குரலில் இருந்த தயக்கம் போய், அந்த இடத்தில் எரிச்சல் வந்து உட்கார்ந்தது. கடைசியில் அவள் கண்ணை மூடினாள். அப்பாடா என்று அவன் நினைக்கும்போது மறுபடி திறந்து, "இன்னொன்று" என்றாள்.

லாய்ட் சிரித்துவிட்டான். அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

"அண்ணா?" என்றான் கௌதமன் பயந்துபோய்.

"இவ்ளோ பேசிகினு யாரும் சாகமாட்டாங்கடா." லாய்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "லவினா ஆம்புலன்ஸ்ல படுத்துகினு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. பின்கதவுக்குத் தாப்பா போட்டியா, பூனை வந்து பாலக் கொட்டிடும்னா. போட்டேன்னேன். சரின்னா. அவ்ளோதான். அதுக்கு மேல ஒண்ணும் பேசல."

இதை அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பாஸ்டரிடம் சொன்னதில்லை, அவள் தம்பியிடமும் சொன்னதில்லை. சொல்லி முடித்ததும், இனி யார் முதலில் சாப்டியா என்று கேட்கப்போகிறார்கள் என்று காத்திருந்தான்.

"உனக்குப் புத்தி இருக்குதாரா?" என்றாள் பார்வதம்மா.

"பார்வதம்மா!" என்றார் சாம்ராஜ்.

"நீ கம்முனு இரு சாம்ராஜு. ஏன்ரா சிரிக்கற? அந்தப் பொண்ணு புட்டினதுலேர்ந்து, பொறந்த நாளா, ஒத்தையா கோபுரத்துல கெடந்தா. யார்கிட்டப் பேசினா, சொல்லு பாக்கலாம். நீதானே படிச்ச, தலைய மட்டும் ஆட்டுவான்னு. இன்னிக்குத்தான் அவளுக்குக் கேக்க ஒரு ஆள் கெடச்சான். பேசாம இன்னா பண்ணுவா? உன் பொண்டாட்டிக்கு இன்னா கொறை? கண்ணாலம் ஆன நாளா உன்கிட்டப் பேசிட்டா. திட்டிட்டா, சிரிச்சுட்டா, கொஞ்சிட்டா. எல்லாம் சொல்லி முடிச்சுட்டா. பாக்கி இருந்தது அந்தக் கதவு ஒண்ணுதான். அத்தக் கேட்டா, போனா."

பெட்டியின் அந்தப் பக்கத்தில் ஜெபக்குழு பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. ஈவ்லின் தயாராக வைத்திருந்த கைக்குட்டையால் இப்போது வாயைப் பொத்திக்கொண்டாள். லாய்ட் மெஷினின் திரையைப் பார்த்தான். அங்கே பனி விழுந்துகொண்டிருந்தது. பார்வதம்மா சொன்னதை ஒரு முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தான். லவினா சொல்லி முடித்துவிட்டாளா? ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் எழுதியதைப் படித்துவிட்டு, எல்லா விளையாட்டுக்கும் சுமார் என்று போடுகிறாயே, நிஜமாகவே சுமாராக ஒன்று வந்தால் என்ன போடுவாய் என்று கேட்டவள். எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதவள். ஆமாம், சொல்லி முடித்துத்தான் இருப்பாள்.

ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"சரி, தச்சன் வூட்டு நாய்க்கு நன்றி சொன்னாளே, அது இன்னாத்துக்கு?"

"அந்த ஊர்ல அவளப் பாத்துக் கொரலு குடுத்தது அது ஒண்ணுதானே? கொலைச்சுது இல்ல?"

"கண்ண மூடிட்டு மறுபடி தொறந்தாளே?"

"நான்கூடத்தான் தொறப்பேன். இன்னொண்ணு ஞாபகம் வந்தா தொறக்கமாட்டாங்களா?"

"வயலின் ஓவர்தான் ஆன்ட்டி," என்றாள் ஈவ்லின்.

"நீயும் அவன் கட்சியா?"

"இந்தக் காட்சிக்குப் பத்துக்கு நாலு," என்றான் லாய்ட். "அதுவே ஜாஸ்தி."

"ஒம்போது போடு."

"ஒம்போதா! மீன்காரக் கெழவன் செத்த காட்சிக்கே ஏழுதான் குடுத்தோம்."

"அதுக்கும் நீ கம்மியாத்தான் குடுத்த. உன் கையே அப்படி," என்று சாம்ராஜ் இடையில் புகுந்தார். "அப்புறம் இன்னொண்ணு. குவயரு மோசம்னு சொன்னியே, நீ மொதல்ல ஒரு பாட்ட முழுசாப் பாடிக் காட்டு."

ஒயிட்ஃபீல்டு வந்துவிட்டது. பிளாட்பாரத்தில் இறங்கியும் லாய்டும் பார்வதம்மாவும் வழியை மறித்து நின்றுகொண்டு பேசினார்கள். ஏறுகிறவர்கள் இடித்துத் தள்ளினார்கள். கடைசியில் அவள், "போரா, கல்லு மனசுக்காரா" என்று சொல்லிவிட்டு மேம்பாலப் படியில் ஏறிப்போனாள்.

கிடங்கில் அன்று முழுக்க அட்டைப்பெட்டிகளை எண்ணியபடி லாய்ட் அவளுக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தான். சாப்பாட்டு நேரத்தில் போனில் விமர்சனத்தை எழுதத் தொடங்கினான். சியோரி பேசும் காட்சி அளவுக்கு மீறி நீளம் என்று எழுதினான். அவள் அதுவரை ஒரு வார்த்தையும் பேசாதவள் என்பதையும் அதன் கீழே எழுதவேண்டியிருந்தது. எழுதியதும் நாலு மார்க் இடித்தது. அழித்து ஐந்தாக்கினான். ஐந்துக்கு மேல் அந்த வயலினே விடாது.

சாயங்காலம் ஊர் வண்டிக்காக நின்றபோது, மேம்பாலப் படியில் பார்வதம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு இறங்குவது தெரிந்தது. பாதிப் படியிலேயே அவனைப் பார்த்துவிட்டாள். அங்கிருந்தே கையை ஆட்டினாள்.

"லாய்டு! காலையில ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்!"

"தப்பு," என்றான் லாய்ட்.

"இன்னும் சொல்லவே இல்லியேரா!"

"சொன்னாலும் தப்புதான். எறங்கி வந்து சொல்லுங்க."