வீடு போன பிறகும்

வீடு கைவிட்டுப் போனதில் அவளுக்கு ஒரே ஒரு ஆறுதல்தான் இருந்தது. இனி யாருக்கும் ஒன்றும் தர வேண்டியதில்லை என்ற நினைப்பு. கணவனுடைய பேக்கரி படுத்து, வீட்டுக் கடன் தவணை பதினோரு மாதம் நின்று, கடைசியில் பேங்க் வீட்டை ஏலத்தில் விட்டுத் தன் பணத்தை எடுத்துக்கொண்டது. சாவியைக் கொடுத்த அன்று அழுதாள்தான். ஆனால் வாடகைக்கு வந்த இரண்டு அறை வீட்டில், பல மாதங்களுக்குப் பிறகு, காலிங் பெல் அடித்தால் பதறாமல் கதவைத் திறந்தாள்.

அந்த நிம்மதி ஏழு வாரம் நீடித்தது.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், உடைந்த மணிக்கட்டோடு வந்த ஒருவரைப் பலகையில் கையை வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது சம்பளப் பிரிவு கிளார்க் கதவருகே வந்து நின்றார். பொதுவாக அவர் தன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிற ஆள் இல்லை.

“வேலை முடிஞ்சதும் கொஞ்சம் வந்துட்டுப் போங்கம்மா” என்றார்.

போனாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு கடிதத்தை நகர்த்தினார். ஒரு கடன் கம்பெனி எழுதியிருந்தது. அவள் அங்கேதான் வேலை செய்கிறாளா, மாதச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டிருந்தார்கள்.

“இது எதுக்கு சார்?”

“சம்பளத்துல பிடிக்கறதுக்கு முன்னாடி இப்படித்தான் கேட்பாங்க. நான் இன்னும் பதில் போடல. உங்ககிட்ட சொல்லிட்டுப் போடலாம்னு வெச்சிருக்கேன்.”

அந்தச் சம்பளத்தில்தான் வாடகை, மகளின் பள்ளிக் கட்டணம், சாப்பாடு எல்லாம். கணவன் இப்போது வேறொருவரின் பேக்கரியில் கூலிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தான். அந்தக் கூலி போக்குவரத்துக்கும் கைச்செலவுக்கும் சரியாக இருந்தது.

மாலையில் அவன் வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள்.

“அது பேக்கரிக்கு அடுப்பு வாங்கின கடன்” என்றான். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

“அடுப்பைத்தான் வித்தாச்சே?”

“அது பழைய இரும்பு விலைக்குத்தானே போச்சு.”

“சரி, அதுக்கு என் சம்பளத்தை ஏன் கேட்கிறாங்க?”

“வீட்டு மேல ரெண்டாவதா வாங்கினது. நீயும்தானே எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டே.”

வீடு வாங்கிய புதிதில் கட்டுக்கட்டாகக் காகிதங்களில் கையெழுத்துப் போட்டது நினைவிருந்தது. அடுப்புக் கடன் கடைமேல் வாங்கியது என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். டியூட்டிக்குக் கிளம்புகிற அவசரத்தில் எதையாவது படிக்காமல் போட்டிருப்பேனோ என்று தன்னையே நொந்துகொண்டாள். அடுத்த சில நாட்களில் எக்ஸ்ரே படங்களில் இடது வலது குறியை இரண்டு முறை மாற்றி வைத்துவிட்டாள். சூப்பர்வைசர் கூப்பிட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

கம்பெனிக்குப் போன் செய்தபோது, எத்தனையோ நோட்டீஸ் அனுப்பிவிட்டோம், நீங்கள்தான் பதில் போடவில்லை என்றார்கள். எல்லாம் பழைய முகவரிக்குப் போயிருந்தன.

அடுத்த நாளே அந்தத் தெருவுக்குப் போனாள். வீட்டை ஏலத்தில் எடுத்தவர் ஒரு கண்ணாடிக் கடைக்காரர். வாசல் கதவை மாற்றியிருந்தார். சமையலறைச் சுவரை இடித்து ஹாலோடு சேர்த்திருந்ததால், தெருவிலிருந்தே அவளுடைய பழைய சிங்க் தெரிந்தது.

அவள் யாரென்று தெரிந்ததும் அவருக்குக் கை கால் ஓடவில்லை. “நான் ஏலத்துல எடுத்தேம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க” என்று இரண்டு தடவை சொன்னார்.

“உங்களைச் சொல்லி என்ன சார். எங்க பேருக்கு லெட்டர் ஏதாவது வந்துச்சா?”

அவர் உள்ளே போய் ஒரு செருப்புப் பெட்டியோடு வந்தார். தூக்கிப் போட மனசு வரவில்லையாம். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

பெட்டியில் பதினான்கு கடிதங்கள். அவளுக்குப் பாதி புரியவில்லை. மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு இலவசச் சட்ட உதவி மையத்தில் போய் உட்கார்ந்தாள். மூன்று மணி நேரம் கழித்து ஒரு வக்கீலம்மா கூப்பிட்டார். மேஜை நிறைய ஃபைல்கள், ஒரு ஓரத்தில் பாதி கடித்த பன்.

“வீடு போயிடுச்சே மேடம், இன்னும் எப்படிக் கடன் இருக்கும்?” என்று கேட்டாள்.

“எல்லாரும் இதைத்தான் கேட்கிறாங்க. உங்க வீட்டு மேல ரெண்டு பேர் கடன் கொடுத்திருந்தாங்க. முதல்ல கொடுத்த பேங்க் வீட்டை வித்துட்டுத் தன் பணத்தை எடுத்துக்கிச்சு. ரெண்டாவது ஆளுக்கு அடமானம்தான் போச்சு, கடன் போகல. வீட்டு மேல இருந்தது இப்போ உங்க தலை மேல வந்துடுச்சு.”

பிறகு அவர் கடிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒன்றில் சற்று நின்றார். “இது பேங்க் போட்டது. அவங்க கடன் போக ஏலத்துல கொஞ்சம் மிஞ்சியிருக்கு. அந்தப் பணம் ரெண்டாவது கம்பெனிக்குத்தான் போகணும். இவங்க கேட்கிற தொகையில அதைக் கழிக்கவே இல்லை, பாருங்க.”

அவளுக்குச் சற்று மூச்சு வந்தது. வக்கீலம்மா கடைசியாக ஒரு ஒப்பந்த நகலை அவள் பக்கம் திருப்பி, “இது நீங்க போட்டதுதானே?” என்றார்.

அவள் பெயர்தான். ஆனால் அவள் போடும் கையெழுத்தில் கடைசி எழுத்தின் வால் கீழே இறங்கும். இதில் மேலே வளைந்திருந்தது. பக்கத்தில் தேதி. அந்தத் தேதியை அவளால் சாகும்வரை மறக்க முடியாது. மகளுக்குக் குடல்வால் வெடித்து ஆபரேஷன் நடந்த நாள். அன்று காலை எட்டு மணியிலிருந்து ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அவள் உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் கணவன், கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று போனான். இரண்டு மணி நேரம் கழித்து வந்தான். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.

“நான் போடல” என்றாள்.

வக்கீலம்மா தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு சொன்னார்: “கோர்ட்டுல இதைச் சொன்னா நீங்க தப்பிச்சிடுவீங்க. ஆனா போட்டவரை அவங்க சும்மா விட மாட்டாங்க. சொல்லலைன்னா வருஷக்கணக்கா உங்க சம்பளத்துல போகும். யோசிச்சுட்டு வாங்க. இன்னொன்னு. இதுல கீழே, ‘என் முன்னிலையில் கையெழுத்திட்டார்’னு கம்பெனி ஏஜென்ட் ஒருத்தர் போட்டிருக்கார். அவர் உங்களைப் பார்த்ததே இல்லையே?”

“இல்லை.”

“அப்போ அவங்களுக்கும் பயம் இருக்கணும்.”

மகள் உள்ளறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அதனால் அன்று மாலை இருவரும் சத்தமில்லாமல் சண்டை போட்டார்கள். அவள் நகலை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் பார்த்தான். சாப்பிடுவதை நிறுத்தினான்.

“அன்னைக்குத்தான் கடைசி நாள்” என்றான். “அன்னைக்குப் போடலைன்னா அடுப்புக்குக் கொடுத்த அட்வான்ஸ் போயிருக்கும். நீ தியேட்டர் வாசல்ல உட்கார்ந்திருந்தே. உன்கிட்ட பேப்பரை நீட்ட எனக்குக் கை வரல.”

“சரி. அதுக்கப்புறம் நாலு வருஷம் இருந்துச்சே?”

“நாலு வருஷமும் நாளைக்குச் சொல்லிடலாம்னுதான் இருந்தேன்.”

“போன வாரம் கேட்டேனே. ‘நீயும்தானே போட்டே’ன்னு என் மேலயே திருப்பிட்டீங்களே. நான் என்னையே திட்டிக்கிட்டு அலைஞ்சேன்.”

அவள் எழுந்து மகளின் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

கம்பெனியில் பேச வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கிக் கொடுத்தார் வக்கீலம்மா. போட்டவர் யாரென்று நாமாகச் சொல்லக் கூடாது, அவள் போடவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்வோம் என்று இருவரிடமும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவரும் கூட வந்தார். மூன்றாவது மாடி. கண்ணாடி மேஜை. நடுவில் டிஷ்யூ பெட்டி ஒன்று இருந்தது. இங்கே எத்தனை பேர் அழுதிருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. நாற்பது நிமிடம் காக்க வைத்தார்கள். கணவன் முழங்காலை ஆட்டிக்கொண்டே இருந்தான். நிறுத்துங்கள் என்று சொல்லக்கூட அவளுக்கு அவனிடம் பேசப் பிடிக்கவில்லை.

அதிகாரி வந்தார். டை கட்டிய, சிரிக்கத் தெரிந்த ஆள். “ரெண்டு பேருமே பொறுப்பு. மேடத்துக்கு நிலையான சம்பளம் இருக்கு, அதனால...” என்று ஆரம்பித்தார்.

அவள் மகளின் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் தாளை மேஜையில் வைத்தாள். அதிலிருந்த தேதியின் மேல் விரலை வைத்துக் காட்டினாள்.

“உங்க ஒப்பந்தத்துல இருக்கிற தேதியும் இதுல இருக்கிற ஆபரேஷன் தேதியும் ஒண்ணு. அன்னைக்கு முழுக்க நான் என் பொண்ணு கூட ஆஸ்பத்திரியில இருந்தேன். உங்க ஏஜென்ட் என்னை எங்கே பார்த்தார்?”

அதிகாரியின் சிரிப்பு அப்படியே நின்றது. “அப்போ இதைப் போட்டது யாரு?”

“அதைக் கோர்ட்டுல பேசிக்கலாம். உங்க ஏஜென்டும் அங்கே வரட்டும்” என்று வக்கீலம்மா சொல்லி முடிப்பதற்குள் கணவன் வாயைத் திறந்துவிட்டான்.

“நான்தான் போட்டேன். இவளுக்கு ஒண்ணும் தெரியாது.”

வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார். அவள் மனம் எங்கெங்கோ ஓடியது. போலீஸைக் கூப்பிடுவார்களோ? மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர நான்கு மணிக்குப் போக வேண்டுமே? அதிகாரி ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். கதவு சாத்திக்கொண்டது. அந்த இருபது நிமிடத்தில் அவள் சுவர்க் கடிகாரத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. கணவன் ஒருமுறை அவள் பக்கம் திரும்பினான்.

அதிகாரி திரும்பி வந்தபோது அவரோடு நரைத்த தலை மேலதிகாரி ஒருவரும் வந்தார். உட்காராமலே பேசினார். அந்த ஏஜென்ட் இப்போது கம்பெனியில் இல்லை. அவர் இப்படிச் சாட்சி போட்ட ஃபைல்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. கோர்ட் வரை போவதில் யாருக்கும் நன்மை இல்லை. இதையெல்லாம் மேலதிகாரி சுற்றி வளைத்துச் சொன்னார். எவ்வளவு விட்டுக் கொடுப்பீர்கள் என்று வக்கீலம்மா நேராகக் கேட்டார். இரண்டு மணி நேரம் இழுபறி. கடைசியில், அவள் பெயரைக் கடனிலிருந்து எடுத்துவிடுவதாக எழுதிக் கொடுத்தார்கள். ஏலத்தில் மிஞ்சிய பணம் கழிக்கப்பட்டது. அபராத வட்டி தள்ளுபடி. மீதி முழுவதும் கணவன் ஒருவன் பெயரில், ஐந்து வருடத் தவணை. கையெழுத்து விஷயத்தைக் கிளப்புவதில்லை என்று இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டன.

கீழே இறங்கியதும் வக்கீலம்மா அவனிடம், “சொன்னதைக் கேட்டிருந்தா இன்னும் கொஞ்சம் குறைச்சிருப்பேன்” என்று கடிந்துகொண்டு, அடுத்த கேஸுக்கு ஓடினார்.

பஸ் நிறுத்தத்தில் அவன் மெதுவாக, “நீ என்னைக் காட்டிக் கொடுத்துடுவியோன்னு ராத்திரியெல்லாம் பயந்துட்டிருந்தேன்” என்றான்.

“நானும் அதைத்தான் யோசிச்சிட்டிருந்தேன்” என்றாள். அவன் தலையை ஆட்டினான். அவளை முதல் பஸ்ஸில் ஏறச் சொன்னான். வேண்டாம், நீங்கள் போங்கள் என்று அவள் சொல்லிவிட்டாள். அவன் போன பிறகு பெஞ்சில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அழுகை வந்தது.

சம்பளப் பிரிவு கிளார்க்கிடம் கம்பெனியின் கடிதத்தைக் காட்டினாள். அவர் இரண்டு நகல் எடுத்து வைத்துக்கொண்டார். எக்ஸ்ரே அறையில் தவறுகள் நின்றன. கணவன் ஞாயிற்றுக்கிழமைகளிலும் ரொட்டி வண்டி ஓட்டப் போனான். தவணை ஒரு மாதமும் தவறவில்லை. அவள் தன் சம்பளத்தைத் தனிக் கணக்குக்கு மாற்றிக்கொண்டாள். படுக்கை இன்னும் மகளின் அறையில்தான். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

மகள் வேறொன்று கேட்டாள். ஒரு மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, “அப்பா ஏம்மா லீவே எடுக்கறதில்ல?” என்றாள்.

மறைத்துப் பேச அவளுக்கு அலுத்துப் போயிருந்தது. “அப்பா ஒரு தப்புப் பண்ணிட்டார். அதுக்குப் பணம் கட்டிட்டிருக்கார்.”

“கட்டி முடிச்சதும் எல்லாம் சரியாயிடுமா?”

“கடன் சரியாயிடும்” என்றாள்.

“அப்புறம்?”

“தெரியலடா. அந்தத் துண்டை எடு.”