பூத் ஸ்லிப்

அம்மாவோட இடது கை முழங்கை வரைக்கும் மறைஞ்சு போயிடுச்சு. வலிக்கலையாம். வெங்காயம் நறுக்கத்தான் சிரமமா இருக்குன்னாங்க. நான் கத்திக்கிட்டே ஓடிப்போய் வெங்காயத்தைப் புடிச்சேன்.

சர்வே எடுக்கற சகாயநாதன் சார் ஹால்ல ஸ்கேலோட உக்காந்திருந்தார். யார் ஓட்டு போட்டாங்க, போடாதவங்க ஏன் போடலன்னு ஆராய்ச்சி பண்றவர். திங்கக்கிழமை வந்து கேட்டார்.

"ஓட்டு போட்டீங்களாம்மா?"

"போடாம?"ன்னாங்க அம்மா. போடல. எங்க ஹவுசிங் போர்டுல கேட்டா எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க.

செவ்வாய்க்கிழமை பூத் லிஸ்ட்டோட வந்தார். போட்டேன்னு சொன்னவங்க இருநூத்திப் பன்னெண்டு. லிஸ்ட்படி நிஜமா போட்டவங்க நூத்தி நாப்பது. மிச்சம் எழுபத்திரெண்டு பேரும் மை இல்லாத விரல்லேர்ந்து ஆரம்பிச்சுக் குறைவாங்கன்னார். கணக்கு சரியாகணும்ல.

எதிர்வீட்டு ரோஸி ஆன்ட்டி நேத்தே முழுசா போயிட்டாங்க. நைட்டி மட்டும் குழாயடில நிக்குது. எவடி குடத்தை முன்னாடி வெச்சதுன்னு கத்துது.

"நிறுத்த முடியாதா சார்?"னு கேட்டேன்.

"நிஜமான காரணம் சொன்னா நிக்கும்."

"வெயில்,"ன்னாங்க அம்மா.

"அன்னிக்கு மழை."

"கால் வலி."

"துணி எடுக்க நாலு தடவை மாடி ஏறியிருக்கீங்க."

"எவன் ஜெயிச்சா எனக்கென்ன?"

"அதை ஓட்டு போட்டவங்களும் சொல்றாங்க."

ஹால் நீளமாச்சு. அம்மா அந்தக் கோடியில இருந்தாங்க. கை தோள் வரைக்கும் போயிருந்துச்சு.

"யாரும் வான்னு கூப்பிடல," அங்கேர்ந்து மெதுவா சொன்னாங்க. "குளிச்சு, புடவை கட்டி, ஆறு மணி வரைக்கும் உக்காந்திருந்தேன். தனியா போக ஒரு மாதிரி இருந்துச்சு."

சார் எழுதினார். தோள்ல நின்னுச்சு. எனக்கு மூச்சு வந்துச்சு.

அவர் பக்கத்தைத் திருப்பினார்.

"பூத் ஸ்லிப்பை யார்கிட்ட குடுத்தாங்க?"

"என்கிட்ட,"ன்னேன்.

"எங்க அது?"

பிசிக்ஸ் கைடைக் குடுத்தேன். படிச்ச பக்கத்துக்கு அடையாளமா உள்ள வெச்சிருந்தேன்.

"அவங்க புடவை கட்டினதைப் பாத்தியா?"

"பாத்தேன். எங்க கெளம்பிட்டேன்னு கேட்டேன். சும்மாதான்னாங்க."

"உன் காரணத்தையும் எழுதினாத்தான் கை திரும்பி வரும்."

"விடுங்க சார்," அம்மா கோடியிலேர்ந்து கத்தினாங்க. "புள்ள படிச்சிட்டிருந்துச்சு."

"இல்லம்மா,"ன்னேன். "ஸ்லிப் அன்னிலேர்ந்து அதே பக்கத்துலதான் இருக்கு."

எனக்குப் பதினேழு வயசு. என் விரல்ல இன்னும் மை வெக்க மாட்டாங்க. இருந்தாலும் அது சில்லுன்னு ஆயிடுச்சு. சார் பேனாவைத் திறந்து வெச்சுக் காத்திருக்கார்.

பூத் இருந்த ஸ்கூல் ரெண்டு தெரு தள்ளிதான். வாம்மா போலாம்னு ஒரு வார்த்தை. நான் ஏன் சொல்லல?