ஓசி சிஸ்டம்

டெட்ராய்ட்டில் வெண்டலும் நானும் ஆறு வருடம் சேர்ந்து இசையமைத்தோம். என் கணினியில் நான் பயன்படுத்தியது இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளம். "ரெனாட்டா ஓசி சிஸ்டத்துல மியூசிக் போடுற ஆளு" என்று வெண்டல் போகிற இடமெல்லாம் என்னைக் காட்டி இளித்தான். போன வருடம் என் மெட்டுகளை ஆல்பமாக்கினான். அதில் என் பெயரே இல்லை.

நேற்று மதியம் அவனே போன் செய்தான்.

"நாளைக்கு ஷோ. லேப்டாப் புது சிஸ்டத்துக்கு மாறச் சொல்லுது. மாறட்டுமா, பழசுலயே இருக்கட்டுமா?"

ஷோவுக்கு முன்னால் சிஸ்டத்தை மாற்றினால் பாதி இசை மென்பொருள்கள் திறக்காது. எங்கள் தொழிலில் இது எல்லோருக்கும் தெரியும். வெண்டலுக்கு மட்டும் தெரியாது, ஏனென்றால் அந்த ஆறு வருடமும் அவன் லேப்டாப்பில் அந்த அறிவிப்பு வரும்போதெல்லாம் அதை மூடிவைத்தவள் நான்.

"தாராளமா மாத்து. புதுசு உனக்குப் பொருத்தமா இருக்கும்," என்றேன்.

இன்று மாலை மேடையிலிருந்து போனில் அழைத்தான்.

"எதுவுமே திறக்க மாட்டேங்குது. உன் லினக்ஸ்ல அந்த மெட்டெல்லாம் இருக்கும்ல, எடுத்துட்டு ஓடி வா. எங்க இருக்க?"

"முதல் வரிசையில. ஓசியில வரல வெண்டல், டிக்கெட் வாங்கிட்டு வந்திருக்கேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். நான் கை தட்ட ஆரம்பித்தேன்.